ஜனாதிபதிக்கு நின்ற மாட்டு டாக்டர்

எங்கள் நாட்டில் ஜனாதிபதித் தேர்தலில் நிற்பதை யாரும் பெரிய அதிசயமாக நினைப்பதில்லை. வென்றவர்களிலேயே சிலர் விமானம் ஏறி ஓடிப்போயிருக்கிறார்கள். தோற்றவர்களை யார் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? ஆனால் என் அத்தான் ஒரோஸாலி நான்கு முறை நின்றார். நான்கு முறையும் அவருக்குக் கார் ஓட்டியவன் நான். அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. புகழ்ந்து பேசுவேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அக்காவைக் கட்டிக்கொண்டு போனவரைக் கேலி செய்வது கிர்கிஸ் மச்சினனின் பிறப்புரிமை. அதை நான் இதுவரை விட்டுக்கொடுத்ததில்லை.

அத்தான் நாரின் பக்கம் சாரிதால் கிராமத்தில் மாட்டு டாக்டர். மாடு என்று சொன்னாலும் குதிரை, ஆடு, நாய் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். கூட்டுப்பண்ணை கலைந்து, ஆட்டுமந்தையையும் டிராக்டரையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனபோது அவர் மருந்துப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்கா அனார்கான் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரனுக்கு டிராக்டரின் பின்சக்கரங்களாவது கிடைத்திருந்தன.

முதல் முறை அவர் நின்றதற்குக் காரணம் கோபம்தான். ஆட்டிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் ஒரு காய்ச்சல் எங்கள் பள்ளத்தாக்கில் பரவியது. வந்தால் எலும்பு மூட்டெல்லாம் கழன்றுவிடும் போல நோகும். தடுப்பு மருந்து கேட்டு அத்தான் தலைநகருக்குப் போனார். அங்கே ஓர் அலுவலகத்தில், நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே ஒருவர் அவரைக் கேட்டாராம்.

"இதுக்கெல்லாம் மேலிடத்து உத்தரவு வேணும் டாக்டர். நீங்க என்ன ஜனாதிபதியா, கேட்டதும் எடுத்துக் குடுக்க?"

"இல்லைங்க. ஆயிட்டு வந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அவர் விளையாட்டாகச் சொல்லியிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். அவருக்கு விளையாடத் தெரியாது என்பதை நாங்கள் மறந்துவிட்டோம்.

முப்பதாயிரம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் தூய்ஷோ. அத்தானோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர், குதிரை மேய்ப்பவர். வாயைத் திறந்தால் வசவு, கையைத் திறந்தால் தானம் என்று இருக்கும் ஆள். கோடை முழுக்க மேய்ச்சல் மலைகளில் கூடாரம் கூடாரமாகக் குதிரையில் போய், புளித்த குதிரைப்பால் குமிஸ் குடித்து, தூய்ஷோ தாள்களை நிரப்பிக்கொண்டு வந்தார். அத்தானுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தேர்தல் அலுவலகத்தில் பாதிக்கு மேல் தள்ளிவிட்டார்கள். ஒவ்வொரு கூடாரத்திலும் வீட்டுத் தலைவனே தன் பெண்டாட்டி, தம்பி, மருமகள், ரஷ்யாவில் வேலைக்குப் போன மகன் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தான். எங்கள் மலையில் இதில் தப்பு எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

"குடும்பத்துக்கு ஒருத்தன் பேசினாப் போதாதா?" என்று தூய்ஷோ அந்த அதிகாரியிடமே சண்டைக்குப் போனார். "வயசான மனுஷன் உக்காந்திருக்கப்ப மருமக எப்பிடிய்யா முந்திக்கிட்டுப் பேனாவ எடுப்பா?"

இரண்டாம் முறை தூய்ஷோ திருந்தியிருந்தார். மருமகள்களும் பேனா எடுத்தார்கள். அத்தானின் பெயர் வாக்குச்சீட்டில் வந்தது. அதற்கு முன்னால் மொழித் தேர்வு இருந்தது. ஜனாதிபதிக்கு நிற்பவருக்குக் கிர்கிஸ் மொழி எழுதப் படிக்கப் பேச வரவேண்டும் என்பது எங்கள் சட்டம். தேர்வைத் தொலைக்காட்சியிலும் காட்டுவார்கள். பட்டணத்து வேட்பாளர்கள் பலர் பிறந்ததிலிருந்து ரஷ்ய மொழியிலேயே பேசி வளர்ந்தவர்கள். மேடையில் நின்று வியர்த்து வழிவார்கள். நாங்களெல்லாம் பொர்சோக் மாவுத்துண்டுகளை எண்ணெயில் வறுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்ப்போம். அத்தானுக்கு 'நாட்டின் எதிர்காலம்' என்ற தலைப்பு விழுந்தது. அவர் குட்டி குறுக்கே மாட்டிக்கொண்ட ஒரு பெண்குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கையை எவ்வளவு தூரம் விடுவது, எப்போது இழுக்கக் கூடாது, பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறவர்களை எப்படி விரட்டுவது என்று விலாவாரியாகச் சொன்னார். தேர்வுக் குழுவிலிருந்த ஒரு பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை நாடே பார்த்தது.

தேர்வில் முதல் இடம். தேர்தலில் கடைசிக்கு முந்தின இடம். எங்கள் சீட்டில் வேட்பாளர்களுக்குக் கீழே 'எல்லோருக்கும் எதிராக' என்றும் ஒரு கட்டம் உண்டு. சாரிதால் பெட்டியில் அத்தானைவிட அந்தக் கட்டத்துக்குத்தான் வாக்கு அதிகம். சொந்த ஊரிலேயே அவர் மூக்கு உடைபட்டது. அடுத்த வாரம் கடைவாசலில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏன்யா, ராத்திரி பகல்னு பாக்காம உங்க மாட்டுக்கு ஓடி வர்ற மனுஷனுக்கு ஒரு ஓட்டுப் போடக் கூடாதா?"

கடைக்காரி ஐகானிஷ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாக் கேட்டியே தம்பி! அவரு ஜெயிச்சு பிஷ்கேக் போயிட்டா எங்க மாட்டுக்குப் பிரசவம் நீ பாப்பியா? அவர எங்களுக்குப் பிடிக்கும்டா. அதனாலதான் போடல."

அத்தானிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று பார்த்தால் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு அரசியல் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மூன்றாம் முறைதான் கதை மாறியது. அந்தப் பெண்குதிரைப் பேச்சை யாரோ கைப்பேசிகளில் பரப்பிவிட்டார்கள். தெற்கே ஓஷ் வரைக்கும் போனது. கொச்கோர் ஊர்ப் பையன்கள் தங்கள் கார்களின் பின்கண்ணாடியில் அத்தானின் படத்தை ஒட்டிக்கொண்டார்கள். கூட்டத்துக்கு ஆள் வந்தது. வண்டி அனுப்பாமலே வந்தது. வெல்வோம் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் நாரின் மாகாணத்து வாக்குகளை அள்ளிவிடுவோம் என்று தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்தது போலவே சிமெண்ட்காரருக்கும் தெரிந்தது. சிமெண்ட் ஆலை வைத்திருந்ததால் அந்தப் பெரிய வேட்பாளரை எல்லோரும் அப்படித்தான் சொன்னோம்.

அவர் நாரினில் பெரிய குதிரை விளையாட்டு ஒன்றை ஏற்பாடு செய்தார். மற்ற வேட்பாளர்களையும் மரியாதையாக அழைத்திருந்தார். போக வேண்டாம் என்றேன்.

"கூப்பிட்ட எடத்துக்குப் போகலன்னா நல்லாவா இருக்கும் மாப்ள?" என்றார் அத்தான்.

"கூப்பிட்டவன் யாருன்னு பாக்க வேணாமா அத்தான்?"

"யாரா இருந்தா என்ன? விருந்தாளியாப் போற எடத்துல என்ன செஞ்சுருவாங்க?"

அத்தானும் தூய்ஷோவும் முன்னால் இறங்கிப் போனார்கள். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மேடைப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மைதானத்தில் ஆயிரக்கணக்கான ஜனம். மேடையில் ஒலிபெருக்கிக்காரன் "நாரினின் மைந்தன், நம் ஒரோஸாலி அண்ணன்!" என்று கத்தினான். அத்தானையும் சிமெண்ட்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, சாகீன் பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். எண்பதைத் தாண்டியவர், வெள்ளைத்தாடி, எங்கள் மாகாணத்தில் அவர் சொல்லை யாரும் தட்டியதில்லை. அவர் கையில் ஒரு சப்பான். கருநீல வெல்வெட், கரையெல்லாம் தங்க நூல் வேலை. அந்த நீள அங்கியை அத்தான் தோளில் போட்டார். போட்ட கையோடு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஆசி சொன்னார்.

"நம்ம பிள்ளைங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து ஒரே பக்கம் நிக்கட்டும். பெரியவன் முன்னால போகட்டும், இவன் அவனுக்குத் துணையாப் போகட்டும். ஆமீன்!"

மைதானமே ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டது. அத்தானும் தடவிக்கொண்டார். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அவர் வாய் அசைந்தது.

பெரியவர் தோளில் போட்ட சப்பானை எங்கள் ஆட்கள் யாரும் உதறிவிட மாட்டார்கள். பெற்ற தகப்பனைக் கொன்றவன் போட்டாலும், அந்த நேரத்தில் தலை குனிந்து வாங்கிக்கொண்டு அப்புறம்தான் கத்தியை எடுப்பார்கள். சிமெண்ட்காரர் இதைத் தெரிந்தேதான் செய்தார். பாவம், சாகீன் பெரியவருக்குத் தன்னை வைத்து என்ன விளையாடுகிறார்கள் என்று கடைசி வரை தெரியாது. ஊர் ஒற்றுமைக்கு நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டு அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

அன்று சாயங்காலமே ஒரோஸாலி சிமெண்ட்காரர் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. வீட்டில் நான் குதித்தேன்.

"மறுத்து ஒரு அறிக்கை விடுங்க அத்தான்! கையெழுத்துப் போட்டு வெலகினாத்தானே வெலகினது? அவங்க சொன்னா ஆச்சா?"

"அத்தனை பேரு நடுவுல ஆமீன் சொன்ன வாயி மாப்ள. இப்பப் போயி அந்தக் கெழவர் சொன்னது பொய்யின்னு சொல்லச் சொல்றியா?"

"அப்ப உங்களுக்காகத் தெருத்தெருவா அலைஞ்சவங்க?"

மூன்றாம் நாள் தலைநகருக்குப் போய் விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் குழி மேடு பார்க்காமல் வண்டியை ஓட்டினேன். எனக்கு அவர் மேல் அவ்வளவு ஆத்திரம்.

சும்மா விலகினார் என்று யார் நம்புவார்கள்? தலைநகரில் அடுக்குமாடி வீடு வாங்கிவிட்டார் என்றார்கள். ஜப்பான் கார் வரப்போகிறது என்றார்கள். என்னுடைய அதே பழைய ரஷ்ய நிவா காரைப் பார்த்துவிட்டு, "ஜப்பான்காரன ஒளிச்சு வெச்சிருக்கான் பாரு" என்றார்கள். கொச்கோர் பையன்கள் கார்க் கண்ணாடியைச் சுரண்டினார்கள். ஊர்ச் சிறுசுகள் அவருக்கு 'சப்பான்' என்றே பெயர் வைத்துவிட்டன. இதையெல்லாம் அத்தான் துடைத்துப் போட்டுவிட்டார். ஒன்றை மட்டும் அவரால் துடைக்க முடியவில்லை. தூய்ஷோ சலாம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

எதிரே வந்தால் குதிரையைத் திருப்பிக்கொண்டு அடுத்த சந்தில் நுழைவார். அத்தான் வலியப் போய் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றால் குனிந்து சேணத்து வாரை இறுக்குவார். சலாமுக்குப் பதில் சொல்லாமல் போவது எங்களில் செத்தவனுக்குச் சமமாக ஒருவனை நடத்துவது. குதிரைக்குக் காயம் என்றால்கூட மலை ஏறி இறங்கி அடுத்த பள்ளத்தாக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார். இப்படியே ஆறு வருடம். அத்தான் இளைத்துப் போனார். அக்கா சமைத்ததில் பாதி அப்படியே திரும்பிப் போகும். கல்யாண வீடுகளில் தூய்ஷோ இருக்கும் கூடாரத்துக்கு இவர் போக மாட்டார். ஆனால் உள்ளே தூய்ஷோவின் குரல் கேட்கிறதா என்று வெளியே நின்று காது கொடுப்பார். இதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தேர்தல் அறிவித்த அன்று அத்தான் மருந்துப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, "நிக்கப் போறேன்" என்றார்.

அக்கா கையிலிருந்த கரண்டியை அடுப்பிலேயே போட்டுவிட்டாள். "ஏங்க, உங்களுக்கு வெக்கமே கெடையாதா? அறுபத்தி நாலு வயசாச்சு! பேரன் ஸ்கூல்ல அடி வாங்கிட்டு வர்றான், சப்பான் பேரன்னு!"

"எனக்கு ஓட்டு வேணாம் அனார்கான். என் பேரு சீட்டுல கடைசி வரைக்கும் இருக்கணும். அவ்வளவுதான். நான் வித்துட்டுப் போறவன் இல்லன்னு அவன் ஒரு தடவ பாக்கணும்."

அவன் யார் என்று அக்கா கேட்கவில்லை. கரண்டியை எடுத்துத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "வண்டிக்கு டயர் மாத்துடா" என்றாள்.

கையெழுத்து வாங்க இந்த முறை தூய்ஷோ இல்லை. நாடு முழுக்க இருந்த மாட்டு டாக்டர்கள் கை கொடுத்தார்கள். தங்கள் ஜாதியில் ஒருவன் தொலைக்காட்சியில் பேசியதை அவர்கள் மறந்திருக்கவில்லை. ஊசி போடப் போகிற வீட்டிலெல்லாம் ஆளுக்கு ஒரு தாளை நீட்டினார்கள். எனக்கோ வேறு வேலை. அத்தானின் தோளைக் காப்பது. எந்த விருந்திலும் அவரை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார விட மாட்டேன். மேடை என்றால் நான் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு வீட்டில் வயதான அம்மாள் ஒருத்தி மடித்த துணியோடு அவரை நோக்கி வந்தாள். பாய்ந்து குறுக்கே விழுந்தேன். அது சாப்பாட்டு விரிப்பு. அந்த அம்மாள் என்னைத் திட்டிய திட்டு அந்த மாவட்டத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

பெரிய வேட்பாளர்களின் ஆட்கள் வராமல் இல்லை. சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தார்கள். அத்தான் தேநீர் கொடுத்து, மாட்டைப் பற்றிப் பேசி அனுப்பிவைத்தார். மொழித் தேர்வில் மறுபடி முதல் இடம்.

வாக்குப்பதிவு நாள். பள்ளிக்கூடம்தான் சாவடி. அத்தான் வெள்ளைக் கல்பாக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வாக்குப் போட்டுவிட்டு, எதிரில் மரப்பலகையில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குக் கூப்பிட்டேன், அசையவில்லை. மத்தியானத்துக்கு மேல் தூய்ஷோ வந்தார். குதிரையைக் கட்டினார். உள்ளே போனார். சுவரில் ஒட்டியிருந்த வேட்பாளர் பட்டியலைத் தாண்டித்தான் போக வேண்டும். விலகினவர் பெயரை அதில் கோடு போட்டு அடித்துவிடுவார்கள்; அன்று ஒரு பெயரையும் அடிக்கவில்லை. வெளியே வந்து, குதிரையை அவிழ்த்து, எங்களைப் பார்க்காமல் போய்விட்டார்.

"பாத்தான் மாப்ள" என்றார் அத்தான். "பேரு இருந்ததப் பாத்தான்."

"பாக்காம எங்க போவாரு?" என்றேன். எனக்கு மனசு ஆறவில்லை.

சாரிதால் பெட்டியில் அத்தானுக்கு விழுந்தது பதினான்கு. 'எல்லோருக்கும் எதிராக' இந்த முறையும் முதலிடம். நாட்டில் யார் வென்றார்கள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

மறுநாள் காலை வாசலில் குதிரைக் குளம்புச் சத்தம். தூய்ஷோ ஒரு சாம்பல்நிறப் பெண்குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் முன்கால் வீங்கியிருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஒரோஸாலி."

அத்தான் பதில் சலாம் சொல்லிக்கொண்டே வாசலுக்கு இறங்கிப் போனார். குதிரையை மரத்தில் கட்டச் சொல்லி, அவரை உள்ளே அழைத்து வந்தார். அக்கா ரொட்டியையும் வெண்ணெயையும் வைத்தாள். நான் அடுப்போரம் உட்கார்ந்துகொண்டேன்.

"பேரு கடைசி வரைக்கும் இருந்துச்சு, பாத்தியா?" என்றார் அத்தான்.

"பாத்தேன்."

"எனக்குத்தான போட்ட?"

"இல்ல."

அக்காவின் கை தேநீர்க் குவளையோடு அப்படியே நின்றது. தூய்ஷோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பேசினார்.

"உன்ன மாதிரி யோக்கியன் இந்த நாரின்லயே இல்லடா. அது வேற. ஒரு கெழவர் தோள்ல போட்ட துணிய ஒதறத் தெரியாதவன நாட்டுக்குத் தலைவனா வெக்கச் சொல்றியா? நாளைக்குப் பக்கத்து நாட்டுக்காரன் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே சப்பான் போட்டான்னா, மேய்ச்சல் மலையத் தூக்கிக் குடுத்துட்டு ஆமீன்னு வருவ."

"அப்ப யாருக்குத்தான் போட்ட?"

"எல்லாருக்கும் எதிரா."

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அத்தான் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"சரி. அது உன் இஷ்டம். நான் காசு வாங்கினேன்னு நெனச்சியே, அது மட்டும் இப்பவாச்சும் போச்சா?"

தூய்ஷோ ரொட்டியைக் கீழே வைத்தார். "எவன் சொன்னான் நான் அப்பிடி நெனச்சேன்னு?"

"ஆறு வருஷமா சலாம் சொல்லலியேடா!"

தூய்ஷோ விரிப்பைப் பார்த்தபடியே சொன்னார். வசவு ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை. அந்த மனிதரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அந்த மேடையில உன் பின்னாடி நின்னவன் யாரு? நான்தான. பெரியவருக்குக் கை நடுங்கிச்சு. சப்பான் ஒரு பக்கமா சரிஞ்சு தொங்கிச்சு. சும்மா விட்டிருந்தா தானாக் கீழ விழுந்திருக்கும், ஒனக்கும் எனக்கும் எந்தப் பழியும் இல்ல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கெழவர் மனசு நோகக் கூடாதேன்னு அதத் தூக்கி, காலர நிமித்தி, உன் தோள்ல நல்லா ஒக்கார வெச்சேன். இந்தக் கையால. அப்புறம் உன் மூஞ்சியில எப்பிடிடா முழிப்பேன்?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொஞ்சம் அழுதுதான் விட்டேன். சந்தேகமே படாத ஒருவரிடம் தன்னை நிரூபிக்க இந்த மனிதர் நாடு முழுக்க அலைந்திருக்கிறார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றார் அத்தான். "நான் நின்னிருக்கவே மாட்டேனே."

தேநீர் ஆறிப்போயிருந்தது. அத்தான் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு மருந்துப் பெட்டியை எடுத்தார். இருவரும் குதிரையைப் பார்க்க வெளியே போனார்கள். கோட்டின் காலர் ஒரு பக்கம் உள்ளே மடங்கிக் கிடந்தது. தூய்ஷோ அதைப் பார்த்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கூடவே நடந்தார்.